றூத் குறோபோட் சீகர் அம்மையாரும் அவர்தம் இசைப்பணியும்

பாடும் பெண்ணையும் யாழ் மீட்டும் பெண்ணையும் போற்றாத நாடில்லை. ஆனால் இசையைப் புதிதாக ஆக்கும் பெண்ணை அவ்வாறு போற்றிய நாடுகள் மிகச் சிலவே. மேனாட்டு இசைக் கல்லூரிகள் பெண்களை மாணவிகளாக ஏற்றுக்கொண்ட பின்னரும் அவர்களிடம் எதிர்பார்த்தவை பியானோ வாசித்தலும் பாடுதலும் சிறுவர்க்குக் கற்பித்தலுமேயாம். இசையாக்கம் ஆடவர்க்கே உரியதென்ற எண்ணம் சட்டத்தில் எழுதப்படாது நெஞ்சங்களில் எழுதப்பட்டிருந்தது. அவ்வெண்ணத்தைத் தகர்த்தெறிந்தவர்களுள் ஒருவர் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த றூத் குறோபோட் சீகர் அம்மையார் ஆவர்.

ஐம்பத்திரண்டு ஆண்டுகளே வாழ்ந்த இவ்வம்மையார் தமது முப்பதாவது வயதில் அமெரிக்கப் புத்திசையின் முன்னணியில் நின்றார். அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சொந்த ஆக்கமென்று சொல்லத்தக்கன மிகச் சிலவே அவர் கையினின்றும் தோன்றின. அவ்விருபது ஆண்டுகளிலும் அவர் வாளா இருந்தாரல்லர். நாட்டு மக்களின் பாடல்களை ஏட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார். எது அவருடைய உண்மைப் பணி? முன்னையதா, பின்னையதா? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமையும் கல்வியும்

றூத் குறோபோட் 1901ஆம் ஆண்டு யூலை மாதம் 3ஆம் திகதி ஒகையோ மாநிலத்தின் கிழக்கு லிவர்பூல் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் மெதடிஸ்த சபைப் போதகர். போதகர் குடும்பங்கள் ஊர்விட்டு ஊர் பெயரும் வழக்கத்திற்கேற்ப இக்குடும்பமும் பல ஊர்களைக் கண்டு, ஈற்றிற் புளோரிடா மாநிலத்து ஜக்சன்வில் நகரை அடைந்தது. 1914இல் தந்தையார் காலமானார். தாயார் தம் வீட்டையே விடுதியாக்கி, வந்து தங்குவோர் கொடுக்கும் பணத்தைக் கொண்டு பிள்ளைகளை வளர்த்தார். மகளுக்குப் பியானோ கற்பிக்கும் செலவை மட்டும் அவர் குறைக்கவில்லை. இசையாசிரியையாகி மானத்தோடு பிழைக்க மகளுக்கு ஒரு வழி வேண்டுமென்பதே அத்தாயின் கணக்காக இருந்தது.

1921இல் றூத் சிக்காகோ நகர் சென்று அங்குள்ள அமெரிக்க இசைக் கல்லூரியிற் சேர்ந்தார். ஓராண்டு பயின்று சான்றிதழ் பெற்று ஊர் திரும்புவதே திட்டம். ஆனால் அப்பெருநகரில் அவர் கேட்ட இசை அவரைத் திரும்பவிடவில்லை. அடோல்ப் வைடிக் என்னும் ஆசிரியரிடம் இசையிலக்கணமும் ஆக்கமும் பயின்றபோது, பிறர் எழுதியதை வாசிப்பதிலும் தாமே எழுதுவதில் தமக்குள்ள நாட்டத்தை அவர் உணரலானார். பியானோவிற் புலமை பெற வந்தவர் இசையாக்குநராக மாறிய வரலாறு இதுவாகும்.

1924 அளவில் அவர் ஜேன் லவுவா ஹேர்ஸ் என்னும் பியானோ ஆசிரியையை அடைந்தார். இவ்வாசிரியை உருசிய இசையாக்குநரான ஸ்கிரியாபினின் இசையிற் பெரிதும் தோய்ந்தவர். பிரமஞான சங்கக் கொள்கைகளில் ஈடுபாடு உடையவர். இவருடைய இல்லத்தில் றூத் சந்தித்த அறிஞர்களுள் டேன் றூடியார் ஒருவர். இந்திய இசையின் மறுமலர்ச்சியைப் பற்றி இந்த றூடியார் எழுதிய நூலொன்றை 1928இல் வெளியிட்டது சென்னை அடையாற்றிலுள்ள பிரமஞான சங்கப் பதிப்பகமேயாம். கீழைநாட்டு மெய்யியலின் சாயல் இளம் றூத்தை எவ்வழியாற் சென்றடைந்தது என்பதை இத்தொடர்பு காட்டுகின்றது. ஹென்றி கவல் என்னும் புத்திசை முன்னோடியின் நட்பும் இக்காலத்திற் கிடைத்ததே. தாம் நடத்திய புத்திசை ஏட்டின்வழி றூத்தின் ஆக்கங்களைப் பிற்காலத்திற் பரப்பியவர் இவரே.

கவிஞர் கார்ல் சாண்ட்பேர்க்கின் புதல்வியர்க்கு றூத் பியானோ கற்பித்தார். அக்கவிஞர் ஊரூராய்ச் சென்று நாட்டுப் பாடல்களைத் திரட்டியவர். 1927இல் அவர் வெளியிட்ட தொகுப்பிற் சில பாடல்களுக்குப் பியானோப் பின்னணி எழுதிக் கொடுத்தவர் றூத். பிற்காலத்தில் இவ்வம்மையாரின் வாழ்வையே ஆட்கொண்ட நாட்டுப் பாடல் இருபத்தாறாவது வயதிலேயே இவ்வாறு அவர் கைக்கு எட்டியிருந்தது. பின்னர் எழவிருக்கும் வினாவிற்கு விடை காண்பார் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பகைச் சுரங்களின் இலக்கணம்

1929இல் றூத் நியூயோர்க் நகருக்குப் பெயர்ந்தார். அங்கே கவலின் தூண்டுதலால் சாள்ஸ் சீகர் என்னும் இசையறிஞரிடம் மாணவியாயினார். சீகர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராக விளங்கியவர்; முதலாம் உலகப் போரை வெளிப்படையாக எதிர்த்தமையால் அப்பதவியை நீங்க நேர்ந்தவர். பெண்களால் இசையாக்கத்தில் உயர்நிலை எய்தவியலுமா என்ற ஐயம் அக்காலத்தில் அவருக்கும் இருந்தது. றூத்தை மாணவியாக ஏற்கவே முதலில் தயங்கினார். சில மாதங்களில் ஐயம் அகன்றது. 1930ஆம் ஆண்டுக் கோடையில் ஆசிரியரும் மாணவியும் சேர்ந்து புத்திசைக்கு ஓர் இலக்கணநூல் எழுத முற்பட்டனர். மாணவியின் வினாக்களும் உழைப்பும் அந்நூலை உருவாக்கின. அது அச்சேறியது 1994இலேதான்.

அவ்விலக்கணத்தின் அடிப்படையை ஈண்டுச் சிறிது விளக்குதல் நலம். நம் பழந்தமிழ் இசைநூலார் நரம்புகளின் உறவை இணை, கிளை, பகை, நட்பு என வகுத்தனர். மேனாட்டு இசையிலும் ஒன்றோடொன்று ஒலிக்கும்போது இனிமை தரும் சுரங்கள், மோதும் சுரங்கள் என்ற பாகுபாடு உண்டு. பல நூற்றாண்டுகளாக மேனாட்டு இலக்கணம் வற்புறுத்தியது யாதெனில், மோதும் சுரம் வந்தால் அதனை விரைவில் இனிய சுரத்திற் கொண்டுபோய்ச் சேர்த்தல் வேண்டும் என்பதாகும். சீகர் இவ்விதியைத் தலைகீழாக மாற்றினார். மோதலே இயல்பு நிலை. இனிமை வந்துவிட்டால் அதனை மோதலுக்குள் மீண்டும் கொண்டுவருதல் வேண்டும் என்றார். சுரத்துக்கு மட்டுமன்றித் தாளத்திற்கும் ஒலியின் வன்மை மென்மைக்கும் இவ்விதியை விரித்தார். பல குரல்கள் ஒருங்கு ஒலிக்கும்போது ஒவ்வொன்றும் தன் போக்கில் தனித்து நிற்றல் வேண்டும். ஒன்றிற்கு மற்றொன்று பணிந்து துணைபோதல் கூடாது.

விதி வகுத்தல் எளிது; அவ்விதிக்குள் உயிருள்ள இசையைப் படைத்தல் அரிது. அவ்வரிய செயலைச் செய்தவர் மாணவியே. 1930இல் அவர் பியானோவுக்கு எழுதிய சிறு ஆக்கமொன்றில் இரு கைகளும் ஒரே சுரத்தொடரை ஒரு தாயி இடைவெளியில் இடையறாது ஓட்டுகின்றன. அழுத்தங்கள் மட்டும் எதிர்பாராத இடங்களில் விழுகின்றன. பாதி வழியிற் சுரவோட்டம் திரும்பி, வந்த வழியே பின்னோக்கிச் செல்கின்றது. ஓரிரு நிமிட அளவிற்றாகிய இவ்வாக்கம் கேட்போரை மூச்சுவிட மறக்கச் செய்யும். அதே ஆண்டிற் பெண்கள் பலர் கூடிப் பாடுதற்கென அவர் எழுதிய மூன்று பாடல்களுக்குச் சொற்கள் எம்மொழியையும் சேர்ந்தவையல்ல. பொருளற்ற அசைகளைத் தாமே புனைந்து, ஒலியை மட்டும் கொண்டு வழிபாட்டின் உணர்வை எழுப்ப முயன்றார்.

பேர்லினில் ஓராண்டு

1930இல் றூத்திற்குக் குகன்ஹைம் புலமைப்பரிசில் கிடைத்தது. இசையாக்கத்திற்கென அப்பரிசிலைப் பெற்ற முதற் பெண்மணி அவரே. அதனைக்கொண்டு ஐரோப்பா சென்று பேர்லினிற் தங்கினார். வியன்னாவில் அல்பன் பேர்க்கையும் புடாபெஸ்ற் நகரிற் பேலா பார்ட்டோக்கையும் கண்டு அளவளாவினார். ஆயினும் ஐரோப்பியப் பேராசான் எவரிடமும் அவர் மாணவியாகச் சேரவில்லை. பேர்லினில் ஷேன்பேர்க் வாழ்ந்த காலமது. அவரை நாடிச் சென்றிருந்தால் எளிதிற் புகழ் கிடைத்திருத்தல் கூடும். றூத் தமக்கென ஒரு வழி உண்டு என நம்பித் தனித்திருந்து எழுதினார். அத்தனிமையின் விளைவே 1931இல் நிறைவுற்ற, இரு வயலின், ஒரு வியோலா, ஒரு செலோ ஆகிய நான்கு நரம்புக் கருவிகளுக்குரிய ஆக்கம். அமெரிக்க இசை வரலாற்றில் அவர் பெயரை நிலைநிறுத்தியது இதுவே.

நான்கு பகுதிகளைக் கொண்ட இவ்வாக்கத்தின் பின்னிரு பகுதிகளையும் பற்றிச் சில கூறாமல் அமைதல் இயலாது. மூன்றாம் பகுதி மிக மெதுவாகச் செல்வது. நான்கு கருவிகளும் ஒன்றையொன்று நெருங்கிய சுரங்களை நீளப் பிடித்து நிற்கின்றன. ஒவ்வொரு கருவியும் தன் ஒலியைச் சிறிது சிறிதாகப் பெருக்கிப் பின் தணிக்கின்றது. ஆனால் நான்கும் ஒரே வேளையிற் பெருகுவதில்லை. ஒன்று பெருகும்போது மற்றொன்று தணிகின்றது. எனவே செவிக்கு எட்டும் இராகவோட்டம் எந்த ஒரு கருவியிலும் முழுமையாக இல்லை. அலைமேல் அலையாக எழும் ஒலிப்பெருக்குகளின் வழியே அது கைமாறிக் கைமாறிச் செல்கின்றது. தாழ்ந்த சுரங்களிலிருந்து படிப்படியாக ஏறி ஓர் உச்சியில் வெடித்து, விரைந்து இறங்கி அடங்குகின்றது. ஒலியின் வன்மை மென்மையை அலங்காரமாகக் கருதிய காலத்தில் அதனையே ஆக்கத்தின் அடிப்படையாக அமைத்தது புதுமையிற் புதுமையாம்.

நான்காம் பகுதி ஓர் உரையாடல் போன்றது. முதல் வயலின் ஒருபுறம். ஏனைய மூன்றும் ஒன்றுபட்டு மறுபுறம். முதல் வயலின் உரத்த குரலில் ஒரே ஒரு சுரத்துடன் தொடங்கி, அடுத்து இரண்டு, பின்னர் மூன்று என ஒவ்வொரு கூற்றிலும் சுரங்களைக் கூட்டிக்கொண்டு, குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டு போகின்றது. மறுபக்கத்து மூன்றும் மெல்லிய குரலில் இருபது சுரங்களுடன் தொடங்கி, ஒவ்வொரு கூற்றிலும் ஒன்றொன்றாகக் குறைத்துக்கொண்டு, குரலை உயர்த்திக்கொண்டு வருகின்றன. சொல் பெருகப் பெருகக் குரல் தேய்கின்றது. சொல் சுருங்கச் சுருங்கக் குரல் ஓங்குகின்றது. நடுவில் ஒரு கணம் நின்றபின் முழு உரையாடலும் அரைச் சுரம் உயர்ந்த நிலையிற் பின்னோக்கித் திரும்பித் தொடங்கிய இடத்தை அடைகின்றது. திருஞானசம்பந்த சுவாமிகளின் மாலைமாற்றுப் பதிகத்தை அறிந்த நமக்கு, முன்னின்று படிப்பினும் பின்னின்று படிப்பினும் ஒன்றாக நிற்கும் அமைப்பின் அருமை எளிதில் விளங்கும். கணக்கு இவ்வளவு கடுமையாயிருந்தும் கேட்போர் உணர்வது கணக்கையன்று. எதிர்ப்பட்ட இருவர்தம் வாக்குவாதத்தையேயாம்.

இத்துணைச் சிறந்த ஆக்கத்தை எழுதிய பின்னரும் புலமைப்பரிசிலைப் புதுப்பிக்குமாறு அவர் விடுத்த விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. 1931ஆம் ஆண்டின் இறுதியில் அவர் நாடு திரும்பினார். நான்கு கருவி ஆக்கம் 1933 நவம்பரில் நியூயோர்க்கில் அரங்கேறியது. அதன் மூன்றாம் பகுதி 1934இற் கவலின் புத்திசை இசைத்தட்டு வரிசையில் வெளிவந்தது. முழு ஆக்கத்தின் சுரக்குறிப்பு அச்சாகியது 1941இலேதான்.

எழுதாத ஆண்டுகள்

1932 ஒக்டோபரில் றூத்தும் சாள்ஸ் சீகரும் மணம்புரிந்தனர். அவ்வாண்டிலேயே அநீதிக்கு எதிரான இரு பாடல்களை றூத் எழுதினார். ஒன்று, உலகெங்கும் எழுந்த கண்டனத்தையும் மீறி 1927இல் மரணதண்டனைக்குள்ளான சாக்கோ, வன்செற்றி என்னும் இரு தொழிலாளரைப் பற்றியது. மற்றையது, அமெரிக்காவில் ஆடை வெளுத்துப் பிழைத்த சீனத் தொழிலாளியின் துயர் பற்றியது. 1933இல் ஆம்ஸ்ரடாம் நகரில் நடைபெற்ற உலகப் புத்திசை விழாவில் சாண்ட்பேர்க்கின் கவிதைகளுக்கு அவர் அமைத்த மூன்று பாடல்கள் இடம்பெற்றன. அதன்பின் அவருடைய ஆக்க எழுதுகோல் ஏறக்குறைய ஓய்ந்தது.

ஏன் ஓய்ந்தது? இவ்வினாவிற்கு இரு விடைகள் பொதுவாகக் கூறப்படுகின்றன. கணவரும் குடும்பமும் அவருடைய திறமையை விழுங்கின என்பது ஒன்று. மக்கள் இசையே மேலானதென்று கண்டு அவர் தாமாகவே பழைய வழியை உதறினார் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மையின் ஒரு கூறு உண்டு; எனினும் எவ்விடையும் தனித்து நின்று போதியதாகாது.

முதலாவதாகக் காலத்தை நோக்குதல் வேண்டும். 1929இல் தொடங்கிய பொருளாதார மந்தம் அமெரிக்காவை வாட்டிய காலமது. புத்திசையை ஆதரித்த செல்வர்களின் கை சுருங்கிற்று. சீகர் குடும்பமும் வறுமையை நன்கறிந்தது. இரண்டாவதாக, 1933இல் மைக், 1935இல் பெகி, 1937இல் பாபரா, 1943இற் பென்னி என நான்கு மகவுகள் பிறந்தன. சாள்ஸின் முன்னை மணத்துப் புதல்வர்களும் வந்துபோயினர். அவர்களுள் ஒருவரே பிற்காலத்தில் உலகறிந்த பாடகராகிய பீற் சீகர். மூன்றாவதாக, வேலையற்றோர் நீண்ட வரிசைகளிற் நிற்கும் நாட்டிற் சிலர்க்கே விளங்கும் இசையை எழுதுதல் தகுமா என்ற வினா சாள்ஸையும் அவர்தம் தோழர்களையும் வாட்டியது. றூத்தும் அதற்கு விலக்கல்லர். நான்காவதாக, அவருடைய உள்ளத்திலேயே ஓர் ஐயம் இருந்தது. தாம் 1926இல் எழுதிய வயலின் ஆக்கத்தின் படியைத் தாமே எரித்துவிட்டமை இதற்குச் சான்று. சிக்காகோவில் அவரிடம் பயின்று பின்னர் இசையாக்குநராகப் புகழ்பெற்ற விவியன் பைன் அம்மையார் அவ்வாக்கத்தின் படியொன்றைப் பேணி வைத்திருந்தமையால் அது உலகிற்கு மீண்டும் கிடைத்தது. ஆசிரியை அழித்ததை மாணவி காத்தார்.

இவற்றுள் எந்த ஒன்றும் தனித்து ஒரு மேதையை அடக்கவல்லதன்று. நான்கும் ஒருங்கே வந்தமைதான் நேர்ந்தது. ஆனால் இந்நான்கும் சாள்ஸ் சீகருக்கும் பொதுவானவையே அன்றோ என எவரேனும் வினவலாம். அவ்வாறன்று. பிள்ளைகள் இருவர்க்கும் பிறந்தனர். தொட்டில் ஆட்டும் பொறுப்பு ஒருவர்க்கே வாய்த்தது. சாள்ஸ் அரசாங்கப் பதவிகளை ஏற்று எழுத்துப் பணியையும் தொடர்ந்தார். றூத் வீட்டைக் கவனித்து, வரும்படிக்காகப் பியானோ கற்பித்து, எஞ்சிய பொழுதையே தமதாக்கிக் கொண்டார். இவ்வேறுபாட்டை மறைத்து அவர் தாமாகவே எழுதுகோலைக் கீழே வைத்தார் என்பது வரலாறாகாது.

நாட்டுப் பாடற் பணி

1935இன் இறுதியிற் சாள்ஸ் சீகர் அரசாங்க மீள்குடியேற்ற நிறுவனத்திற் பதவி பெற, குடும்பம் வாஷிங்டன் நகருக்குச் சென்றது. அங்கே காங்கிரஸ் நூல்நிலையத்தில் ஜோன் லோமக்ஸ் என்பாரும் அவர்தம் மகன் அலன் லோமக்ஸும் தென்மாநிலங்களில் அலைந்து திரட்டிய நாட்டுப் பாடல்கள் ஒலித்தட்டுகளாகக் குவிந்திருந்தன. சிறைக்கைதிகளும் பருத்தி விளைப்போரும் மலைநாட்டு உழவரும் பாடியவை அவை. அவற்றுட் தெரிந்தெடுத்தவற்றை நூலாக வெளியிடுவதற்குச் சுரக்குறிப்பு எழுதும் பொறுப்பு றூத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

இதனை எளிய எழுத்து வேலையென்று கருதுதல் பெருந்தவறு. நாட்டுப் பாடகர் சுரத்தை நேராகப் பிடிப்பதில்லை; வழுக்கிச் சென்று தொடுவர். இரு சுரங்களுக்கிடையே நிற்பர். தாளத்தை ஓரிடத்தில் நீட்டி ஓரிடத்திற் குறுக்குவர். ஒரு கண்ணியைப் பாடியதுபோல் மறு கண்ணியைப் பாடார். முன்னைத் தொகுப்பாசிரியர் பலர் இவற்றையெல்லாம் கல்லாதார் செய்த பிழைகளெனக் கொண்டு திருத்தி, பள்ளி மாணவர் பாடத்தக்க ஒழுங்கான மெட்டாக அச்சிட்டனர். றூத் அவ்வாறு செய்ய மறுத்தார். அவை பிழையல்ல, அவையே அப்பாடலின் இலக்கணம் என்றார். ஒரு தட்டைப் பன்முறை, வேகத்தைத் தணித்தும் கேட்டுக் கேட்டு எழுதினார். பகைச் சுரத்தையும் ஒழுங்கற்ற தாளத்தையும் தாமே ஆண்ட புத்திசைச் செவிக்கே இது கைகூடும். பழைய இலக்கணத்தில் மட்டும் பழகிய செவி அவற்றைக் கேட்டிராது, கேட்டிருப்பினும் மதித்திராது.

நான்கு ஆண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்பின் பின்னர், ஏறக்குறைய இருநூறு பாடல்களைக் கொண்ட அந்நூல் 1941இல் வெளிவந்தது. தாம் கையாண்ட முறையை விளக்கி றூத் எழுதிய நீண்ட ஆராய்ச்சிக் கட்டுரை நூலின் அளவுக்கு மிகுந்ததாகிவிட, அதனிடத்திற் சுருங்கிய முன்னுரையொன்றே இடம்பெற்றது. முழுக்கட்டுரை நூலுருவம் பெற்றது 2001இலாம். அறுபது ஆண்டுகள் அது காத்திருந்தது.

இந்நூலின் பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். கெந்தக்கி மாநிலத்து வயலின் வாசிப்பாளரான ஸ்ரெப் என்பார் வாசித்த மெட்டொன்று 1937இல் ஒலிப்பதிவு செய்யப்பட்டது. றூத் அதனைச் சுரப்படுத்தி அந்நூலிற் சேர்த்தார். அமெரிக்க இசையாக்குநருள் முதல்வராகப் போற்றப்பட்ட ஆரன் கோப்லண்ட் அப்பக்கத்திலிருந்து அம்மெட்டை எடுத்து, 1942இல் அரங்கேறிய தமது நடன நாடகமாகிய ரோடியோவின் இறுதிப் பகுதியில் அமைத்தார். இன்று உலகெங்கும் இசையரங்குகளில் ஒலிப்பது அது. கைதட்டுவோருள் ஸ்ரெப்பின் பெயரை அறிந்தோர் சிலர். அவ்விருவர்க்குமிடையே நின்று செவியாற் கேட்டதைக் கையால் எழுதிய பெண்மணியை அறிந்தோர் அதனினும் சிலர்.

பாலர் பாடசாலையும் இறுதி ஆண்டுகளும்

1941 முதல் றூத், தம் பிள்ளை சேர்ந்திருந்த கூட்டுறவுப் பாலர் பாடசாலையில் நாட்டுப் பாடல்களைப் பயிற்றலானார். சிறுவர்க்கென்று செயற்கையாகப் புனைந்த பாடல்களிலும் பாட்டன் பூட்டன் பாடிய பாடல்களே அவர்க்கு உகந்தவையென அவர் கண்டார். அவ்வனுபவத்தின் கனியாக 1948இல் தொண்ணூறுக்கு மேற்பட்ட பாடல்களைக் கொண்ட சிறுவர் தொகுப்பு வெளிவந்தது. 1950இல் விலங்குகளைப் பற்றிய பாடற்றொகுப்பும் 1953இல் நத்தார்ப் பாடற்றொகுப்பும் அதனைத் தொடர்ந்தன. பியானோப் பின்னணியை இயன்றவரை எளிதாக, பாட்டின் இயல்பான கரடுமுரடு கெடாதவாறு அமைத்தார். பாடலைக் குழந்தை தன் விளையாட்டிற்கேற்ப மாற்றிப் பாடலாம், புதுச் சொற் சேர்க்கலாம் என ஆசிரியர்க்கு அறிவுறுத்தினார். கற்பிப்போர் இன்றும் பயிலத்தக்க நூல்கள் இவை.

அவருடைய இல்லமும் ஒரு பாடசாலையாகவே விளங்கிற்று. ஒருமுறை வாஷிங்டன் நகரத்துப் பெருங்கடையொன்றில் மகள் பெகி வழிதவறியபோது, அங்கே பணிபுரிந்த எலிசபெத் கொட்டன் என்னும் கறுப்பினப் பெண்மணி குழந்தையைக் கண்டு தாயிடம் ஒப்படைத்தார். பின்னர் அவர் சீகர் இல்லத்தில் வீட்டுப் பணிக்கு அமர்ந்தார். சிறுவயதில் இடக்கையாற் கிற்றார் மீட்டிப் பின்னர் கைவிட்டிருந்த அவர், பாட்டொலி ஓயாத அவ்வீட்டிலிருந்த கிற்றாரை எடுத்து மீண்டும் மீட்டலானார். முதுமையிற் புகழ்பெற்ற நாட்டிசைக் கலைஞராக அவரை உலகம் அறிந்தது. மைக்கும் பெகியும் நாட்டிசையிற் தம் வாழ்வையே ஈடுபடுத்தினர்.

1952இல் றூத் மீண்டும் தமக்குரிய ஆக்கத்திற்குத் திரும்பினார். ஐந்து காற்றுக் கருவிகளுக்கு அவர் எழுதிய ஆக்கம் போட்டியொன்றில் முதற் பரிசு பெற்றது. பழைய கூர்மையும் புதிய தெளிவும் அதிற் கலந்திருந்தன. இனி எழுதலாம், பிள்ளைகள் வளர்ந்துவிட்டனர் என்னும் நிலை வந்த வேளையிற் புற்றுநோய் அவரைப் பற்றியது. 1953 நவம்பர் 18ஆம் திகதி அவர் காலமானார்.

பெருந்தெருவா, சுற்றுவழியா?

1948இல் அம்மையார் இசையாக்குநர் எட்கார் வரேஸுக்கு எழுதிய கடிதமொன்றில், கடந்த பன்னிரண்டு ஆண்டுகளாகத் தாம் நடந்துவந்த வழி பெருந்தெருவா சுற்றுவழியா என்பது தமக்கே தெளிவில்லை என்றும், சுற்றுவழியெனவே தோன்றத் தொடங்கியுள்ளதாயினும் அது தமக்கு மிக இன்றியமையாத வழியாக அமைந்ததென்றும் குறித்தார். இதனிலும் நேர்மையான தன்மதிப்பீட்டைக் காண்டல் அரிது. வெற்றியெனவும் அவர் கூறவில்லை, தோல்வியெனவும் கூறவில்லை.

நான்கு கருவி ஆக்கத்தின் மூன்றாம் பகுதியையும் நாட்டுப் பாடற் சுரக்குறிப்புகளையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். ஒன்றில், நான்கு கருவிகளின் நுண்ணிய ஒலிமாற்றங்களைக் கற்பனையிற் கேட்ட செவி உண்டு. மற்றொன்றில், பெயரறியாப் பாடகன் குரலின் நுண்ணிய வழுக்கல்களை ஒலித்தட்டிற் கேட்ட செவி உண்டு. செவி ஒன்றே. ஆகவே இரு பணிகளையும் இரு வேறு மனிதர் செய்தவைபோற் பிரித்து ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துவது பொருந்தாது.

ஆனால் இவ்வுண்மையைக் கொண்டு இழப்பை மூடி மறைத்தலும் நேர்மையன்று. முப்பதாவது வயதில் அந்த ஆக்கத்தை எழுதியவர் நாற்பதாவது வயதில் எதை எழுதியிருப்பார் என்பதை எவரும் அறியார். எழுதப்படாத ஆக்கங்களை எந்த நூல்நிலையமும் காட்டமாட்டாது. நாட்டுப் பாடற் பணி அவ்விழப்பை ஈடுசெய்ததென்பதிலும், இழப்பின் நடுவே அவர் வீணாகாது தம் செவியைக் காத்துக்கொண்ட வழி அதுவென்பதே பொருந்தும்.

அவர் மறைந்து இரு தலைமுறை சென்றபின் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. ஜூடித் டிக் அம்மையார் எழுதிய விரிவான வாழ்க்கை வரலாறு 1997இல் வெளிவந்தது. இன்று அமெரிக்கப் புத்திசை வரலாறு எழுதுவார் எவரும் 1931ஆம் ஆண்டின் அந்த நான்கு கருவி ஆக்கத்தை விட்டுச் செல்வதில்லை. பாலர் பாடசாலைகளில் அவர் தொகுத்த பாடல்களைப் பாடிய சிறுவரோ அவர் பெயரை அறியாமலே பாடினர்.

ஆசிரியராகிய நம்மனோர்க்கு இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றுண்டு. வகுப்பிலே திறமைமிக்க மாணவியொருத்தியைக் காணும்போது அவளுக்குத் திறமை உண்டா என்று மட்டும் வினவுதல் போதாது. அத்திறமைக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்தை அவள் வீட்டில் எவரேனும் விட்டுக்கொடுப்பரா என்றும் வினவுதல் வேண்டும். கணவனை இழந்து விடுதி நடத்திய தாயொருத்தி தன் மகளுக்குப் பியானோ கற்பிக்கும் செலவைக் குறைக்கவில்லை. அத்தாய் கொடுத்ததை உலகம் தொடர்ந்து கொடுத்திருப்பின், றூத் குறோபோட் சீகர் அம்மையாரின் ஆக்கங்களை எண்ணுதற்கு நமக்கு இன்னும் சில விரல்கள் வேண்டியிருக்கும்.